கிரேக்க, ரோமானியத் தொன்மங்களை வரைந்து படிப்பது: பள்ளிக்கான ஒரு வழிகாட்டி

கிரேக்க, ரோமானியத் தொன்மக்கதைகள் நூல்களின் வழியே மட்டுமன்றி, மண்சாடிகளில் தீட்டப்பட்டும், கோயில் முகப்புகளில் செதுக்கப்பட்டும், வீட்டுத் தரைகளில் கல் துணுக்குகளாகப் பதிக்கப்பட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. சில காட்சிகளுக்கு ஓவியம் ஒன்றே சான்றாக எஞ்சியிருக்கிறது. ஆகவே வரலாற்று வகுப்பில் கதையைப் படித்து முடித்துவிட்டு, பிறகு வரும் ஓவிய வகுப்பில் உங்களுக்குப் பிடித்த தெய்வத்தை வரையுங்கள் என்று சொல்வது, ஒரே பாடத்தை இரண்டாக வெட்டி இரண்டையும் வலுவிழக்கச் செய்வதாகும். எந்தக் கணத்தை வரைவது, யாரைப் பெரிதாகக் காட்டுவது, யாரை விட்டுவிடுவது என்று முடிவுசெய்ய வேண்டிய மாணவர் கதையை ஆழமாகப் படித்தே தீர வேண்டும். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயது வரையிலான மாணவர்களுக்குப் பண்டைய கிரேக்கமும் ரோமானியப் பேரரசும் பாடங்களாக உள்ளன. அந்த வயதினரை மனத்தில் கொண்டே இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. பெரிய வகுப்புகளுக்கு உரியவற்றை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கதையைத் தேர்ந்தெடுத்தல்

ஒலிம்பஸ் மலையின் பன்னிரு தெய்வங்களையும் அவர்களின் ரோமானியப் பெயர்களையும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்துப் பாடத்தைத் தொடங்குவது பரவலான வழக்கம். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பெயர்கள் கதையோடு சேர்ந்து வரும்போதே நினைவில் தங்குகின்றன. ஒரு பருவத்துக்கு ஒரு கதை போதும், கூடிப்போனால் இரண்டு. அந்தக் கதை குறைந்தது இரண்டு பழைய நூல்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லப்பட்டதாகவும், ஒரு பழைய கலைப்பொருளிலாவது இடம்பெற்றதாகவும் இருப்பது நல்லது.

பயிர்களின் தெய்வமான டிமீட்டர், அவள் மகள் பெர்சிஃபோனி ஆகியோரின் கதை இதற்குப் பொருத்தமானது. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் பெயரால் வழங்கும் பழைய துதிப்பாடலில், பாதாள அரசன் ஹேடீஸ் கவர்ந்து சென்ற மகளைத் தேடித் தாய் டிமீட்டர் கைகளில் தீப்பந்தங்களை ஏந்தி ஒன்பது நாட்கள் உண்ணாமல் அலைகிறாள். மகள் மாதுளை விதையை உண்டுவிட்டதால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்தில் கழிக்க வேண்டியவளாகிறாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமானியக் கவிஞர் ஓவிட், 15 காண்டங்கள் கொண்ட தம் ‘உருமாற்றங்கள்’ காவியத்தில் இதே கதையைச் சொல்லும்போது, தெய்வங்களின் அரசர் ஜூபிட்டர் ஆண்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறார். விதைகளின் எண்ணிக்கையும் ஏழாகிறது. இந்த இரண்டு பகுதிகளையும் எளிய நடையில் வாசித்துக்காட்டி, எவை மாறின, எவை மாறவில்லை என்று மாணவர்களையே இரண்டு பத்திகளாக எழுதச் செய்யுங்கள். எது உண்மையான கதை என்று யாரேனும் கேட்டால், தொன்மத்துக்கு ஒரே மூலப்பிரதி கிடையாது என்றும், ஒவ்வொரு கவிஞரும் தம் காலத்துக்கும் நோக்கத்துக்கும் ஏற்பச் சொன்னார் என்றும் நேராக விளக்கலாம். தாமும் அந்த வரிசையில் வந்து கதையைப் புதிதாகக் காட்டப் போகிறோம் என்ற எண்ணம் மாணவர்களுக்கு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

வன்முறையும் பெண்களைக் கவர்ந்து செல்வதும் இக்கதைகளில் நிறைய உண்டு. சிறுவர்களுக்காகக் கதையின் முடிவை மாற்றிச் சொல்வதைவிட, முழுமையாகச் சொல்லத் தக்க கதையைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி. பெர்சிஃபோனியின் கதையைக்கூட அந்தத் துதிப்பாடல் செய்வதைப் போலத் தாயின் பக்கத்திலிருந்து சொன்னால், கவர்ந்து செல்லும் காட்சியில் தங்காமல் தீப்பந்தங்களோடு அலையும் தாயிடம் கவனம் செல்லும். நெசவுப் போட்டியில் தேவி மினர்வாவைக் கலங்கவைத்த அரக்னியின் கதை ஓவியத்துக்கு ஏற்றதாயினும், அவள் தூக்கிட்டுக்கொள்ளும் பகுதி அதில் வருவதால், அதை 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒதுக்கி வைக்கலாம்.

பார்க்கக் கற்றல்

தூரிகையைத் தொடுமுன் ஒரு முழு வகுப்பையாவது பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். ஒரே ஒரு படத்தைப் பெரிதாகக் காட்டி, முதல் ஐந்து நிமிடங்கள் யாரும் பேசாமல் பார்க்கட்டும். பிறகு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லட்டும். கதைக்கு அதன்பிறகே வரலாம்.

இதற்கு நான் முதலில் எடுத்துக்கொள்ளும் படம், வத்திக்கான் அருங்காட்சியகத்திலுள்ள, ஏதென்ஸ் நகரத்து எக்சீகியாஸ் கி.மு. 540 முதல் 530 வரையிலான காலத்தில் வனைந்து தீட்டிய சாடி. அதில் ட்ரோய் போரின் இரு பெரும் வீரர்களான அக்கிலீஸும் அஜாக்ஸும் ஒரு பலகையின் இருபுறமும் அமர்ந்து குனிந்து விளையாடுகிறார்கள். இருவர் கையிலும் ஈட்டிகள் உள்ளன. அக்கிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அஜாக்ஸின் தலைக்கவசம் அவர் பின்னால் இருக்கிறது. அக்கிலீஸின் வாயருகே நான்கு என்றும் அஜாக்ஸின் வாயருகே மூன்று என்றும் கிரேக்க எழுத்துகளில் எழுதப்பட்டிருப்பதால், ஆட்டத்தில் முந்துபவர் யார் என்பதும் தெரிகிறது. இந்தக் காட்சி ட்ரோய் போரைப் பாடும் இலியட் காவியத்தில் இல்லை. போரின் இரைச்சலை விட்டுவிட்டு, இரு வீரர்கள் ஓய்வாக இருக்கும் பொழுதை ஓவியர் தேர்ந்தெடுத்திருக்கிறார். இருவரும் ட்ரோயிலேயே மடியப் போகிறவர்கள் என்று அறிந்தவருக்கு அந்த அமைதி கனமாகிறது. ஏன் இந்தக் கணத்தை வரைந்தார் என்ற கேள்வியை மாணவர்கள் ஒருமுறை விவாதித்துவிட்டால், பின்னர் தம் படத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டாவதாக, கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பிலிருந்த, பார்ப்பவரைக் கல்லாக்கும் அரக்கியான மெடூசாவைக் காட்டுங்கள். ஏறத்தாழ கி.மு. 580-ஐச் சேர்ந்த அந்தச் சிற்பத்தில் அவள் முழங்காலை மடித்து ஓடும் நிலையில், இடுப்பில் பாம்புகளைக் கட்டிக்கொண்டு, நாக்கை நீட்டியபடி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். அவள் தலை வெட்டப்பட்ட பின்னரே அவள் உடலிலிருந்து சிறகுக் குதிரை பெகாசஸும் கிரைசாரும் பிறந்ததாகக் கதை சொல்கிறது. சிற்பத்திலோ தலையும் இருக்கிறது, குழந்தைகளும் பக்கத்தில் நிற்கிறார்கள். முன் நடந்ததையும் பின் நடந்ததையும் ஒரே படத்தில் சேர்த்துக் காட்டும் இந்த முறை, படக்கதைக் கட்டங்களுக்குப் பழகிய மாணவர்களை வியக்கவைக்கிறது. காலம் செல்லச் செல்லக் கிரேக்கக் கலைஞர்கள் மெடூசாவை அழகிய பெண்முகமாகவே காட்டத் தொடங்கினார்கள். அவள் முன்பு பேரழகியாக இருந்தவள் என்று ஓவிட் எழுதினார். திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் தரும் ஒரே வகை மெடூசாவிலிருந்து மாணவர்களை மீட்க, இந்த இரண்டு முகங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாலே போதும்.

கருப்பு உருவ ஓவியம் செய்தல்

எக்சீகியாஸ் கையாண்ட கருப்பு உருவ முறை பள்ளிக்கு மிகவும் ஏற்றது. அதன் கருமை, நாம் நினைப்பதுபோல் தனியொரு சாயம் அன்று. இரும்புச்சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்து வடித்தெடுத்த மிக நுண்ணிய குழம்பு. அதனால் உருவங்களைத் தீட்டிச் சூளையில் வைத்தார்கள். காற்று நன்றாக உள்ளே வரும் முதல் கட்டத்தில் சாடி முழுதும் சிவந்தது. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் காற்றை அடைத்துப் புகையவிட்ட இரண்டாம் கட்டத்தில் எல்லாமே கறுத்தது. மீண்டும் காற்றை விட்டபோது, நுண்துளைகள் உள்ள சாடியின் உடல் பழைய செம்மைக்குத் திரும்பியது; கண்ணாடிபோல் இறுகிவிட்ட குழம்புப் பூச்சுக்குள் காற்று புக முடியாததால், அது கருமையாகவே நின்றது. அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்து இதை விளக்கச் சொல்லலாம்.

வகுப்பறையில் சூளை இல்லாமலும் இதன் தருக்கத்தைக் காப்பாற்ற முடியும். தடித்த அட்டையில் செங்கல் நிற மெழுகு வண்ணக்கோலை இடைவெளியின்றி அழுத்திப் பூச வேண்டும். அதன்மேல் உருவத்தின் வெளிக்கோட்டை மெல்ல வரைந்து, உள்ளே மட்டும் கருப்பு போஸ்டர் வண்ணம் தீட்ட வேண்டும்; வண்ணத்தில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் அது மெழுகின்மேல் ஒட்டும். காய்ந்தபின் பல்குத்தும் குச்சியின் முனையால் கண், தலைமுடி, உடையின் மடிப்பு, கவசத்தின் வேலைப்பாடு ஆகியவற்றைக் கீறினால் அடியிலுள்ள செம்மை கோடாக வெளிப்படும். ஏதென்ஸ் ஓவியர்களும் கூரிய கருவியால் இப்படித்தான் கீறினார்கள். பெண்களின் மேனிக்கு அவர்கள் வெள்ளை பூசினார்கள் என்பதையும் சொல்லுங்கள். டிமீட்டரை வரைபவருக்கு அது தேவைப்படும். கி.மு. 530-க்குப் பின் ஏதென்ஸில் தோன்றிய சிவப்பு உருவ முறையில் பின்னணி கருமையாகி, உருவம் மண்ணின் நிறத்தில் விடப்பட்டது. உட்கோடுகளைத் தூரிகையால் இழுத்தார்கள். இதை உயர் வகுப்பு மாணவர்கள் முயன்று, எது எதற்குப் பொருந்துகிறது என்று ஒப்பிடலாம்.

முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, தோள்கள் நம்மை நோக்கி, கால்கள் மீண்டும் பக்கவாட்டில் என்ற பழைய உடலமைப்பைக் கடைப்பிடிக்கச் சொன்னால், வரையவே வராது என்று ஒதுங்கும் மாணவர்களும் துணிந்து இறங்குவார்கள். உருவங்கள் நிற்க ஒரு தரைக்கோடு வேண்டும். சாடியின் கழுத்தைச் சுற்றி வரும் கோண அலை வடிவத்தைக் கட்டத்தாளில் பழகிவிட்டு வரைவது நல்லது. மாந்தரின் பெயர்களைக் கிரேக்க எழுத்துகளில் அருகே எழுதுவது அலங்காரத்துக்காக மட்டுமன்று; பழைய ஓவியர்களும் பெயர்களை எழுதினார்கள்.

அட்டையை வெட்டும் வடிவத்தையும் மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆம்போரா என்பது மதுவும் எண்ணெயும் வைக்கும் இருகைப்பிடிச் சாடி. ஹைட்ரியா மூன்று கைப்பிடிகள் கொண்ட தண்ணீர்க் குடம். கைலிக்ஸ் அகன்ற மதுக்கிண்ணம். கிண்ணத்தின் உள்ளடியில் மெடூசாவைப் போன்ற அரக்கியான கோர்கனின் முகத்தைத் தீட்டும் வழக்கம் இருந்தது; குடித்து முடிப்பவரை அடியிலிருந்து அது உற்றுப்பார்க்கும். ஆக, பொருளின் பயன் ஓவியத்தைத் தீர்மானித்தது. தமிழ் வாசகர்களுக்கு ஆம்போரா அந்நியமான பொருளும் அன்று: 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து கப்பலில் வந்த, ஓவியமற்ற சரக்கு ஆம்போராக்களின் உடைசல்கள் கிடைத்தன. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அரிக்கமேட்டுப் பொருள்களை நேரில் காணலாம்.

ஆர்ஃபியஸும் விலங்குகளும்

ரோமானியத் தொன்மத்தைக் கிரேக்கத்தின் பெயர்மாற்றமாக மட்டும் கற்பிப்பது தவறு. இருமுகம் கொண்ட ஜானஸுக்கு இணையான தெய்வம் கிரேக்கரிடம் இல்லை. ஓநாயிடம் பால் குடித்த ரோமுலஸ், ரீமஸ் கதையும் ரோமுக்கே உரியது. இருப்பினும் வகுப்பு முழுவதும் கூடிச் செய்யும் பணிக்கு, இரு மரபுக்கும் பொதுவான ஆர்ஃபியஸையே தேர்ந்தெடுப்பேன்.

அவன் யாழை மீட்டினால் விலங்குகளும் மயங்கிச் சூழ்ந்துகொள்ளும். ரோமானிய மாளிகைகளின் தரையில் இந்தக் காட்சி கல் துணுக்குகளைப் பதித்த மொசைக்காக மீண்டும் மீண்டும் வருகிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலுள்ள வுட்செஸ்டரில் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆர்ஃபியஸ் தரை ஒவ்வொரு பக்கமும் 14 மீட்டருக்கு மேல் நீளமுடையது. அது இப்போது மண்மூடிப் பாதுகாக்கப்படுகிறது. சைரன்செஸ்டரின் கொரினியம் அருங்காட்சியகத்தில் வேறோர் ஆர்ஃபியஸ் தரையைப் பார்க்கலாம். பாதாளத்திலிருந்து மனைவி யூரிடிசியை மீட்டு வரும்போது திரும்பிப் பார்த்து அவளை இழந்த துயரக்கதை அவனுக்கு இருந்தும், வீட்டுத் தரைக்கு விலங்குகளைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். தினமும் நடமாடும் அறைக்கு எந்தக் காட்சி ஏற்றது என்பதைப் பற்றிக் கூர்மையான பதில்கள் வரும்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு விலங்கை ஒரே அளவுள்ள அட்டையில் செய்ய, இருவரோ மூவரோ சேர்ந்து நடுவிலுள்ள ஆர்ஃபியஸைச் செய்யட்டும். பழைய இதழ்களின் பக்கங்களை நிறவாரியாகப் பிரித்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டும் வரிசைதான் முக்கியம்: முதலில் விலங்கின் வெளிக்கோடு, அடுத்து உள்நிறம், பிறகு வெளிக்கோட்டை ஒட்டியே பின்னணி நிறத்தில் ஒன்றிரண்டு வரிசைகள், கடைசியாக மற்றப் பின்னணியை நேர்வரிசைகளால் நிரப்புதல். ரோமானியக் கைவினைஞர்களின் தரைகளில் உருவங்கள் தெளிவாக எழுந்து நிற்பதற்கு இந்தப் பின்னணி வரிசைகளே காரணம். துணுக்குகளுக்கிடையே மெல்லிய இடைவெளி விட வேண்டும். நெருக்கி ஒட்டினால் மொசைக்கின் தன்மை போய்விடும்.

பெரிய வகுப்புகளுக்கு ஒரு கூடுதல் பணி

மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு தந்தையுடன் பறந்து கடலில் விழுந்த இக்காரஸின் வீழ்ச்சியை ஓவிட் சொல்லுமிடத்தில், மீன் பிடிப்பவனும் ஆட்டிடையனும் உழவனும் வானத்தில் பறப்பவர்களை அண்ணாந்து பார்த்து, அவர்கள் தெய்வங்களோ என்று வியக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள, ஓவியர் ப்ரூகலின் பெயரால் வழங்கும் 16ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் அதே உழவன் தலைகுனிந்து உழுதுகொண்டிருக்கிறான். இக்காரஸின் கால்கள் மட்டும் கடலின் ஓரத்தில் சிறிதாகத் தெரிகின்றன. நூலையும் ஓவியத்தையும் அருகருகே வைத்து, ஓவியர் கவிஞரோடு எங்கே முரண்படுகிறார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிறகு மாணவரும் தாம் படித்த கதையில் வேண்டுமென்றே ஒரு மாற்றம் செய்து வரைந்து, அந்த மாற்றத்துக்குக் காரணம் எழுதட்டும்.

படங்களைத் தேடலும் காட்சிக்கு வைத்தலும்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுடைமையான படைப்புகளின் படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்த அளித்துவருகிறது. கிரேக்கச் சாடிகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பீஸ்லி ஆவணக் காப்பகமும், மூலநூல்களின் மொழிபெயர்ப்புக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகமும் உள்ளன. படத்தைத் தேடும்போது பொருளின் காலமும் அது கிடைத்த இடமும் குறிக்கப்படாத படங்களை எடுக்காதீர்கள். பழைய பாணியில் இன்று வரையப்பட்டவை அவற்றோடு கலந்து கிடக்கின்றன.

காட்சிக்கு வைக்கும்போது ஒவ்வொரு படைப்பின் கீழும் 40 சொற்களுக்குள் ஒரு குறிப்பு இருக்கட்டும்: எந்தக் கதை, எந்தக் கவிஞரின் வடிவம், எந்தப் பழைய கலைப்பொருளைப் பார்த்துக் கற்றது, ஏன் இந்தக் கணம். மதிப்பெண் தருவதாயின், கோட்டின் நேர்த்தியைவிடக் கடைசிக் கேள்விக்கான பதிலுக்கே அதிகம் தருவது நியாயம். குறிப்பை மாணவர் தம் கையால் எழுத வேண்டும். படைப்பும் குறிப்பும் அவர்களின் கண்மட்ட உயரத்தில் அருகருகே இருக்க வேண்டும். கருப்பு உருவ அட்டைகளின் மெழுகு வெயிலில் இளகிவிடும் என்பதால், அவற்றைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள்.