மருத்துவ பில்லில் தவறாகப் புரிந்துகொள்ளும் சொற்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு தாள் அனுப்பும். 'நோயாளி பொறுப்பு' என்று ஒரு தொகை அதில் இருக்கும். பதறிப்போய் அதைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அது பில் இல்லை, கிளெய்மை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விளக்கம். ஆஸ்பத்திரி பில் வரட்டும். இரண்டிலும் தொகை ஒத்துப்போனால் கட்டலாம்.

அதிகம் பேர் குழம்புவது டிடக்டிபிள், கோ-பே, கோ-இன்சூரன்ஸ் மூன்றிலும்தான். டிடக்டிபிள் என்பது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. பிரீமியம் கட்டியதெல்லாம் இதில் சேராது. பல பாலிசிகளில் ஆண்டு புதிதானால் இதுவும் முதலிலிருந்து தொடங்கும். கோ-பே பல பாலிசிகளில் ஒவ்வொரு முறை சிகிச்சைக்கும் நாம் கட்டும் ஒரு நிலையான தொகை. கோ-இன்சூரன்ஸ் என்பது டிடக்டிபிள் போக மீதியில் நம் பங்கு, அது சதவீதக் கணக்கு. சில பாலிசிகளில் சதவீதத்தையே கோ-பே என்பார்கள், அதனால் பெயரை நம்பாமல் விளக்கத்தைப் படியுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பில் 10,000. நிறுவனம் ஏற்கும் கட்டணம் 7,000. டிடக்டிபிள் 2,000, கோ-இன்சூரன்ஸ் 20 சதவீதம். பலர் 10,000-க்கு 20 சதவீதம், அதாவது 2,000 கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் 7,000-இல் முதல் 2,000 நம்முடையது. மீதி 5,000-இல் 20 சதவீதம் 1,000. ஆக 3,000 கட்ட வேண்டும். நெட்வொர்க் ஆஸ்பத்திரி, அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி என்றால், 10,000-க்கும் 7,000-க்கும் இடையே உள்ள 3,000 வித்தியாசத்தைப் பொதுவாக ஆஸ்பத்திரியே தள்ளுபடி செய்துவிடும். நெட்வொர்க்கில் இல்லையென்றால் அதுவும் நம் தலையில் விழலாம்.

இங்கே இன்னொரு தவறு. ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருப்பதால் மயக்க மருந்து தரும் டாக்டரும், பரிசோதனைக் கூடமும் அதில் இருப்பார்கள் என்று நினைப்பது. அவர்கள் தனியாக பில் போடுகிறவர்களாக இருக்கலாம். முன்பே கேட்டுவிடுங்கள். சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முன் அனுமதி கிடைத்துவிட்டது என்பதும் முழுப் பணமும் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்ட விவர பில் கேளுங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா, வாங்காத மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். நோய்க்கான குறியீட்டையும் பார்ப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் எஸ்52 என்றால் முன்கை எலும்பு முறிவு. எஸ்82 என்றால் முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு முறிவு. ஓர் இலக்கம் மாறினால் கை கட்டுக்கு வந்த பில், காலுக்கு என்று ஆகிவிடும், கிளெய்மும் திரும்பி வரலாம்.

அப்படித் திரும்பினால் உடனே கைக்காசைக் கட்ட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் சொல்லிக் குறியீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்குக் கெடு போட்டிருந்தால் அந்தத் தேதியை அன்றைக்கே குறித்து வையுங்கள். திருத்திய பில் வர நாளாகலாம், கெடு அதற்காகக் காத்திருக்காது.