முதல் ரிவியேரா வாங்கப் போகிறீர்களா? காந்தத்தோடு கிளம்புங்கள்

அமெரிக்காவில் ‘பர்சனல் லக்சுரி’ என்று கார்களில் ஒரு ரகம் இருந்தது. இரண்டே கதவு, நீண்ட பானட், பெரிய வி8 இன்ஜின். பின்சீட்டு இருக்கும், ஆனால் யோசனையெல்லாம் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவரைப் பற்றித்தான். ஃபோர்டு தன் தண்டர்பேர்டை 1958-இல் நான்கு பேர் உட்காரும் காராக மாற்ற, அது நன்றாக விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குப் போட்டியாக 1963-இல் இறக்கிய கார்தான் ப்யூக் ரிவியேரா. ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ, முன்சக்கர இழுவை கொண்ட கேடிலாக் எல்டொராடோ, லிங்கன் மார்க் 3 எல்லாம் பிறகு வந்தவை.

இங்கே 1963 முதல் 1965 வரை வந்த ரிவியேராவை வைத்துச் சொல்கிறேன். மற்ற கார்களுக்கும் பார்க்கும் முறை பெரும்பாலும் இதேதான். இன்ஜின் கெட்டிருந்தால் பணம் போகும்; உடம்பு கெட்டிருந்தால் பணத்தோடு சில வருடங்களும் போகும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: வருடத்தை முடிவு செய்யுங்கள்

மூன்றும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றல்ல. 1963-இல் 40,000 கார்கள் வந்தன. அவற்றில் இருப்பது பழைய டைனாஃப்ளோ கியர்பாக்ஸ்: கியர் மாறுவதே தெரியாது, ஆனால் கிளம்புவதில் ஒரு சோம்பல் உண்டு. 1964-இல் (37,658 கார்கள்) மூன்று வேக ஆட்டோமேட்டிக் வந்தது, 340 குதிரைத்திறன் தரும் 425 கன அங்குல இன்ஜினும் அடிப்படையாகவே கிடைத்தது. 1965-இல் (34,586 கார்கள்) ஹெட்லைட்டுகள் முன் மூலைகளில் உள்ள மூடிகளுக்குள் ஒளிந்துகொண்டன. அந்த வருடத்து ரிவியேராவில் கிரான் ஸ்போர்ட் என்ற வகைதான் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்ளும் கார்: இரண்டு கார்புரேட்டர், 360 குதிரைத்திறன்.

முதல் முறை வாங்குபவருக்கு நான் 1964-ஐத்தான் சொல்வேன். 1965-இன் முகம்தான் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மூடிகளைத் திறக்கும் மோட்டாரும் இணைப்புகளும் மக்கர் செய்யும்போது அந்த அழகை ரசிக்கப் பொறுமை வேண்டும்.

படி 2: கிளம்பும் முன் எண்களைக் கேளுங்கள்

அடையாள எண் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கார்களில் அது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும். 17 இலக்க எண் 1981-இல்தான் வந்தது. இங்கே தேட வேண்டாம். 1963 கார் என்றால் 7, ஜே, 1 என்றும், 1964 என்றால் 7, கே, 1 என்றும் தொடங்க வேண்டும். 1965 என்றால் தொடக்கம் 49447. டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தின் படத்தையும் கேளுங்கள். இரண்டிலும் எண் ஒன்றாக இல்லையா? கார் எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 3: உடம்பைத் தடவிப் பாருங்கள்

இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, பின்சக்கரத்தைச் சுற்றிய விளிம்பு, கதவின் அடி, பின்கண்ணாடியின் கீழ்மூலை ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் காந்தம் பிடிக்கும். பட்டி பூசியிருந்தால் வழுக்கி விழும். நான் முதன்முதலில் பார்க்கப் போன காரில் பின்சக்கரத்துக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. ‘லேசா ஒரு டச்சப்’ என்றார் விற்பவர்.

அப்புறம் டிக்கியின் விரிப்பையும் உள்ளே கால்வைக்கும் இடத்து விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். ஈரம், புது கறுப்புப் பெயின்ட் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. பிறகு காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். இதன் சேஸிஸ் எக்ஸ் எழுத்து வடிவம். பக்கவாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்திருந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. சட்டத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பேரம் முடிந்தது.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்துக் கார்களில் துரு அதிகம். அரிசோனா கார்களில் துரு குறைவு, ஆனால் வெயிலில் டேஷ்போர்டு வெடித்து, ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும். இரண்டில் ஒன்று என்றால் வெயில் தின்றதை எடுங்கள். சீட்டைத் தைத்துவிடலாம்.

இரும்புக் கூரைமேல் தோல் மாதிரி வினைல் உறை ஒட்டிய கார் என்றால் (எழுபதுகளின் லிங்கன்களில் இது சர்வசாதாரணம்) கூரையை விரலால் அழுத்திப் பாருங்கள். கொப்புளம் மாதிரி இருந்தால் அடியில் நீர் தங்கித் துரு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

படி 4: விடுபட்ட பாகங்களை எண்ணுங்கள்

ஃபோர்டு மஸ்டாங் காருக்கு எந்தப் பாகத்தையும் புதிதாக வாங்கலாம். ரிவியேராவுக்கு அந்த வசதி இல்லை. குரோம் பட்டை, விளக்கு மூடி, டேஷ்போர்டு குமிழ் எது இல்லை என்றாலும் குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது உதவும்.

படி 5: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள்

நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ‘நெயில்ஹெட்’ என்று பேர் வாங்கிய இந்த இன்ஜின் உழைப்பாளி. சின்னச் சத்தத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

படி 6: ஓட்டும் முன் பிரேக்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதற்கு ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்று. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போய்விடும். நின்ற இடத்திலேயே பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் ஓட்டாதீர்கள். கார் சுமார் 1,800 கிலோ. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 10 வருடத்துக்கு மேல் என்றால் டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும்.

படி 7: விலை, காகிதம்

பழைய கார்களுக்கு இன்ஷூரன்ஸ் தரும் ஹேகர்ட்டி நிறுவனம் கார்களை நிலைவாரியாக 1 (மிகச் சிறந்தது) முதல் 4 வரை தரம் பிரித்து விலை வெளியிடுகிறது. விற்பவர் எப்போதும் 2 என்பார். நீங்கள் 3-இல் தொடங்குங்கள். ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999-க்குப் பிறகு பூஜ்யமாகிவிடும். ‘வெறும் 40,000 மைல்’ என்ற பேச்சுக்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள். டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் உற்சாகத்தில் வீடுவரை ஓட்டிவர ஆசை வரும். லாரியில் ஏற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாயை அரித்துவிடும். முதல் வாரமே எரிபொருள் குழாய், பிரேக் குழாய் இரண்டையும் மாற்றிவிட்டு, அதன் பிறகு சாவியைக் கையில் எடுங்கள்.