மயிலிறகு வண்டி: அருஞ்சொல்லையும் அணியையும் பிடிப்பது எப்படி?

பழைய பாட்டு ஒன்றைப் பார்த்ததும் "இது என்ன அணி?" என்று தொடங்காதீர்கள். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் 35 பொருளணிகளின் பெயர் தெரிந்தாலும், பாட்டு புரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. அணி கடைசியில்தான். ஒரு குறளை எடுத்துக்கொள்வோம் (475):

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

முதலில் பிரியுங்கள். குறள் சீர் சீராக அச்சாகியிருக்கும். சொல் சொல்லாக அல்ல. 'அச்சிறும்' என்பதில் 'சிறு' கண்ணில் பட்டால் போச்சு. அது அச்சு + இறும்.

அடுத்து அருஞ்சொற்கள். பீலி மயில்தோகை, சாகாடு வண்டி. இந்த இரண்டுக்கும் அகராதி வேண்டும். மற்றவற்றுக்கு உங்கள் வாயிலேயே விடை இருக்கிறது. "கயிறு இற்றுப்போச்சு" என்கிறோமே, அந்த இறுதல்தான் 'இறும்' என்பதில் வருவது: முறிதல். 'சாலச் சிறந்தது' என்பதில் வரும் சால, மிகவும் என்ற பொருள் தரும் உரிச்சொல். (தெலுங்குக்காரர்கள் இன்றும் 'சாலா' என்கிறார்கள்.) உண்மையில் ஏமாற்றுவது தெரிந்த சொல்தான். 'பெய்' என்றதும் மழை நினைவுக்கு வரும். இங்கே அதற்கு ஏற்றுதல், இடுதல் என்று பொருள்.

சரி, இப்போது உரைநடையில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும், அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும்.

அப்புறம்தான் அணி. 'போல' போன்ற உருபு வெளிப்படையாக இருந்தால் உவமை. உருபு மறைந்திருந்தால் சொல் வரிசையைப் பாருங்கள்: மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம். நம் குறளில் இரண்டும் இல்லை. வண்டியைப் பற்றி மட்டுமே பேச்சு. ஆனால் அதிகாரத்தின் பெயர் வலியறிதல்! வண்டிக்கு அங்கே என்ன வேலை? எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்றுசேரும்போது வலியவனும் வீழ்வான் என்பதே சொல்ல வந்தது. அதைச் சொல்லாமல் உவமையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார் வள்ளுவர். இதுதான் பிறிது மொழிதல்.

அடுத்த குறளை நீங்களே பிரியுங்கள்:

நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்
உயிர்க்கிறுதி ஆகி விடும்.

ஒரு குறிப்பு: இங்கே யாரும் எதையும் தூக்கவில்லை. 'இறந்து' என்பதும் சாவு அல்ல. இறந்தகாலம் என்கிறோமே, அந்த 'இறந்து'.