ஆறு பேர் அவியலை ஐம்பது பேருக்கு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கம் பால்காய்ச்சு, அதாவது புதுவீடு புகும் விசேஷம் என்றால் முன்பெல்லாம் சமையலுக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். இப்போது நாற்பது, ஐம்பது பேர் வரைக்கும் நாமே ஆக்கிவிடலாம் என்ற தைரியம் இளசுகளுக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். அவியல், எரிசேரி, தயிரில் வைக்கும் புளிசேரி, வறுத்த தேங்காயை அரைத்து வைக்கும் தீயல், துவரன் எல்லாம் நம் வீடுகளில் அன்றாடம் வைக்கிற கறிகள். முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் இது. அதனால் ஓணமானாலும் அம்மன் கொடையானாலும் இலையில் விழுவது ஏறக்குறைய இந்த வரிசையேதான். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு.

ஆனால் கொஞ்ச நாளாக விசேஷ வீட்டு அடுக்களைகளில் நிற்கும்போது, எங்கள் காலத்துத் தவறுகளையே பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். உப்பை மறப்பது, அடிப்பிடிக்க விடுவது, கறிவேப்பிலையைக் கழுவாமல் போடுவது எல்லாம் இங்கே வராது. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். பட்டும் திருந்தாதவை சில இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன்.

தண்ணீரையும் எட்டால் பெருக்குவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இது. கைக்காசையும் இதுதான் அதிகம் தின்கிறது.

சொந்தத்தில் ஒரு வீட்டில் பால்காய்ச்சு. மருமகள் கெட்டிக்காரி, படித்தவள். வீட்டில் ஆறு பேருக்கு வைக்கும் அவியலைத் தாளில் எழுதி, வருகிறவர்கள் நாற்பத்தெட்டு என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் எட்டால் பெருக்கி வைத்திருந்தாள். முக்கால் கிலோ காய் ஆறு கிலோ ஆயிற்று. ஒரு தம்ளர் தண்ணீர் எட்டுத் தம்ளர் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது உருளியில் சேனையும் ஏத்தங்காய் என்கிற நேந்திரன் வாழைக்காயும் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணியும் நீச்சலடித்துக்கொண்டிருந்தன.

"சித்தி, கணக்கு சரியாத்தானே போட்டேன்?"

"கணக்கு சரிதான் மக்கா. பாத்திரத்தை யாரு கணக்குல சேத்தா?"

அவள் விட்டது இதுதான். ஒரு பாத்திரத்தைவிட அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்கான இன்னொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எட்டு மடங்கு கொள்ளும். ஆனால் அதன் வாய் நான்கு மடங்குதான் பெரியது. தண்ணீர் ஆவியாகப் போவது வாய் வழியாக. உள்ளே இருப்பது எட்டு மடங்கு, வெளியேறும் வழி நான்கு மடங்கு என்றால், வீட்டுச் சட்டியில் பத்து நிமிடத்தில் வற்றுகிற தண்ணீர் உருளியில் வற்றாமல் நிற்கத்தான் செய்யும். மூடியும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதோடு காய்களே தண்ணீர் விடும். தடியங்காயிலும் வெள்ளரிக்காயிலும் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். உப்பும் சூடும் பட்டதும் அதில் நல்ல பங்கு வெளியே வந்துவிடும். ஆறு கிலோ காயில் ஒன்றரைக் கிலோ இப்படிப்பட்ட நீர்க்காய் என்றால், அதற்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் எட்டுத் தம்ளர் ஊற்றினால் அது அவியலே இல்லை.

அப்புறம் நடப்பதுதான் செலவு. முதலில் தீயைக் கூட்டுவார்கள். தண்ணீர் வற்றுவதற்குள் தடியங்காய் கரைந்து, முருங்கைக்காய் பிளந்து நார்நாராகிவிடும். பிறகு யாராவது ஒரு மைனி வந்து, "கொஞ்சம் அரிசிமாவு கரைச்சு விடு" என்பாள். அது கூட்டும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல் ஒரு பசையாகும். கடைசியில் தேங்காய். ஏழு தேங்காய் போதுமானதற்குப் பதினொன்று உடைப்பார்கள். 2025-இல் தேங்காய் விலையும் எண்ணெய் விலையும் ஏறிய ஏற்றம் யாருக்கும் மறந்திருக்காது. அப்படி உடைத்துக் கொட்டியும் ருசி வராது. அரைப்பின் சீரகமும் பச்சைமிளகாயும் அந்தத் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். இலையில் வைத்தால் ஓடி, பக்கத்து இஞ்சிக்கறியோடு கலக்கும்.

சரி, எப்படி வைப்பது? ஆறு கிலோ காய்க்கு நான் இரண்டு தம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. உருளியில் முதலில் அந்தத் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு கை தேங்காய் எண்ணெய். அதில் சேனையும் ஏத்தங்காயும். அவை பாதி வெந்ததும் அவரை, சீனியவரை (கொத்தவரங்காய்), கேரட். கடைசியில்தான் முருங்கைக்காய், வழுதலங்காய் (கத்தரிக்காய்), தடியங்காய், வெள்ளரி. உப்பையும் இந்தக் கட்டத்தில் போட்டால் போதும், நீர்க்காய் இறங்கும்போதே தண்ணீர் விட்டு மற்றதையும் வேகவைத்துவிடும். அடிப்பிடிக்கும் போலத் தோன்றினால் அரைத் தம்ளர் வெந்நீர் தெளிக்கலாம். ஊற்றுவது எப்போது வேண்டுமானாலும் முடியும், எடுப்பதுதான் முடியாது.

புளிப்பு எதுவானாலும், மாங்காயோ புளித்தண்ணீரோ தயிரோ, சேனை வெந்த பிறகுதான். புளிப்பு முதலில் விழுந்துவிட்டால் சேனை வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமானாலும் இந்தப் பக்கமானாலும் இதில் மாற்றமில்லை. தயிர் சேர்க்கிறவர்கள் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். அரைப்புக்குத் தேங்காயை மை போல அரைக்கக் கூடாது. மிக்ஸியில் தண்ணீர் விட்டு ஓட்டினால் அங்கேயும் ஒரு தம்ளர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போய்விடும். ஒதுக்கி ஒதுக்கி, ஒன்றிரண்டாகச் சதைத்து எடுங்கள்.

ஏற்கெனவே தண்ணீர் கூடிவிட்டதா? தேங்காய் சேர்ப்பதற்கு முன்பு என்றால் காப்பாற்றலாம். ஜல்லிக்கரண்டியால் காயை அள்ளி வேறு பாத்திரத்தில் பரப்பிவிட்டு, தண்ணீரை மட்டும் அகலமான வாணலியில் கொதிக்கவைத்துச் சுண்டவிடுங்கள். இரண்டு தம்ளர் அளவுக்கு வந்ததும் காயோடு சேர்த்து அரைப்பைப் போடுங்கள். அவ்வளவும் சுண்ட நேரமில்லை என்றால் பாதியைச் சாம்பாருக்குத் தள்ளிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. அந்த மருமகள் வீட்டில் அன்று அதைத்தான் செய்தோம். சாம்பார் பிரமாதம் என்று பாராட்டுகூட வந்தது.

உப்பும் மிளகாயும்

தண்ணீர் அதே மடங்கில் ஏறாதபோது உப்பும் காரமும் மட்டும் ஏன் ஏற வேண்டும்? கணக்கில் வருவதில் முக்கால்வாசி போட்டு, வெந்த பிறகு ருசி பாருங்கள்.

அவியலுக்குக் கடுகு தாளிப்பது

வேண்டாம். பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, மூடி.

தீயலுக்கு எல்லாத் தேங்காயையும் ஒரே வாணலியில் வறுப்பது

இதுவும் பாத்திரத்தின் வாய் சம்பந்தப்பட்ட தவறுதான். இரண்டு தேங்காய்த் திருவலை வீட்டு வாணலியில் பரப்பினால் ஈரம் சட்டென்று போய், நிறம் ஒரே சீராக ஏறும். எட்டுத் தேங்காயை ஒன்றாகக் கொட்டினால் அடியில் இருப்பது கருகும், நடுவில் இருப்பது ஆவியில் வேகும், மேலே இருப்பது வெள்ளையாகவே கிடக்கும். அதை அரைத்தால் கசப்பும் பச்சை வாசமும் சேர்ந்தே வரும். இரண்டு இரண்டாக வறுங்கள், நேரம் போனால் போகட்டும். தீ மிதமாக இருக்கட்டும். சட்டுவம் கையில் இருக்கிறவர் போனை எடுக்கக் கூடாது.

இறக்கும் நேரத்தையும் பலர் தவறவிடுகிறார்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வேண்டும் என்றால், அதற்கு ஒரு பிடி முன்னாலேயே இறக்கித் தட்டில் பரப்பிவிட வேண்டும். தேங்காயில் எண்ணெய் இருப்பதால் சூடு சட்டென்று தணியாது, அடுப்பை அணைத்த பிறகும் வாணலியில் கருத்துக்கொண்டே போகும். கொத்தமல்லியும் வத்தல் மிளகாயும் தேங்காய் சிவந்த பிறகுதான் சேர வேண்டும். அரைக்கும்போது முதலில் தண்ணீர் விடாமல் எண்ணெய் கசியும்வரை ஓட்டுங்கள். தீயலில் மேலே எண்ணெய் மிதப்பது அதனால்தான்.

தீயலை விசேஷத்துக்கு நான்கு மணி நேரம் முன்னாலேயே வைத்துவிடலாம். உள்ளியில், அதாவது சின்ன வெங்காயத்தில், புளி ஏறி ருசி கூடும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவையுங்கள், போதும்.

புளிசேரியைக் கொதிக்கவிடுவது

நுரை கட்டியதும் இறக்குங்கள். திரிந்த தயிருக்கு மருந்து கிடையாது.

பருப்பு வேகும் முன்னே சர்க்கரைப் பாகு

ஊர்ப்பேச்சில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. சிறுபயறுப் பருப்புப் பாயசத்துக்கு நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று முக்கால் வேக்காட்டில் பாகை ஊற்றுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கிண்டினாலும் பருப்பு அப்படியே நிற்கும். இனிப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெல்லத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்குகிறது. அரிசி அடையைப் போட்டு வைக்கும் அடைப் பிரதமனுக்கும் இதே கதைதான். விரலில் எடுத்து நசுக்கினால் பிசிறில்லாமல் மசிய வேண்டும், அப்புறம்தான் பாகு.

தேங்காய்ப்பாலில் மூன்றாம் பால் வேகவைக்க, இரண்டாம் பால் கொதித்து வற்ற, முதல் பால் அடுப்பை அணைத்த பிறகு. முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். ஆறினால் பாயசம் இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுப்பில் சரியாக இருக்கும் பதம் இலையில் களி ஆகிவிடும். கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள்.

குக்கரை நிரப்புவது

பருப்புக்குப் பாதி, மற்றதற்கு மூன்றில் இரண்டு பங்கு. நுரை ஏறி அடைத்துக்கொண்டால் உங்கள் பால்காய்ச்சு வீட்டின் மேற்கூரையில் சாம்பார்க் கோலம் விழும்.

எல்லாவற்றையும் கடைசி நேரத்துக்கு வைப்பது

இரண்டு அடுப்பு இருக்கும் வீட்டில் பன்னிரண்டு மணிக்குச் சோறு வடிக்கணும், அவியல் இறக்கணும், அப்பளம் பொரிக்கணும், பாயசமும் கிண்டணும் என்றால் ஏதாவது ஒன்று கெடும். காலையில் முதலில் பாயசம், அடுத்து தீயல், இஞ்சிக்கறி முந்தின நாளே. பிறகு பருப்பும் சாம்பாரும். அவியல் சோற்றுக்குச் சற்று முன்னால். புளிசேரி அதற்கப்புறம். இலை போட்ட பிறகுதான் அப்பளம். சோறு ஆளுக்கு நூறு, நூற்றிருபது கிராம் அரிசி என்று வைத்தால் இத்தனை கறி இருக்கும் இலைக்குப் போதும். ஆசைக்கு ஒன்றரை மடங்கு பொங்குவதும் ஒரு தவறுதான், அது அடுத்த தலைப்பில் வந்து நிற்கும்.

மிச்சத்தை மூடி வைப்பது

சூடான சோற்றையும் தேங்காய் அரைத்த கறியையும் பெரிய பாத்திரத்தோடு இறுக்கி மூடி, "ராத்திரி பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். நடுவில் இருக்கும் சூடு மாலைவரை தணியாது. அந்த இளஞ்சூடுதான் கிருமிகளுக்குப் பிடித்த இடம். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. அந்த வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சை மறுபடி சூடாக்கினாலும் அழிக்க முடியாது. பந்தி முடிந்ததும், இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

பழங்கறி ஆசைக்காரர்கள் சாம்பார், தீயல், தயிர் சேராத அவியல் இவற்றை அன்று மதியமே ஒன்றாக்கிக் கொதிக்கவைத்துச் சுண்டவிடலாம். புளிசேரி அதில் போகக் கூடாது, பச்சடியும் போகக் கூடாது. சுண்டியது கெட்டியான பிறகு பரப்பி ஆறவைத்து எடுத்து வையுங்கள். மறுநாள் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டுப் பழையதுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.