உயிர்த்த ஞாயிறுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

லண்டனில் ஈஸ்டர் என்றால் நாலு நாள் லீவு. குருநகரிலோ பாசையூரிலோ இளவாலையிலோ உள்ள உங்கள் வீட்டில் அது செத்தவீடு மாதிரித் தொடங்கி, கொண்டாட்டத்தில் முடியும். அந்த ஓட்டத்துக்குள் நீங்கள்தான் நுழைய வேண்டும், அது உங்களுக்காக நகராது. அதனால் நல்லூர், நயினாதீவு, கசூரினா கடற்கரை எல்லாவற்றையும் அடுத்த கிழமைக்குத் தள்ளிவிடுங்கள்.

பெரிய வியாழன் காலைக்குள் வீட்டில் நிற்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பெரிய வெள்ளி அரச விடுமுறை, வங்கியும் கந்தோரும் பூட்டு. திங்கள் அங்கே வேலை நாள். சித்திரை வருடப்பிறப்பும் கிட்ட வந்தால் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடும் இரவு பஸ்ஸில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2028இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14ஆம் தேதி. சைவச் சொந்தக்காரர் வீட்டில் வடை, பாயசம், கைவிசேஷம் (பெரியவர்கள் கையில் தரும் வருடப்பிறப்புக் காசு), உங்களுக்கு ஒருசந்தி, அதாவது நோன்பு. கைவிசேஷத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம், அதற்குத் தடையில்லை.

ஒருசந்தி 18 முதல் 59 வயது வரை, சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயதிலிருந்து. திருச்சபைச் சட்டம் இவ்வளவுதான். வீட்டுச் சட்டம் இதைவிடக் கடுமை. மீன் சாப்பிடலாம் என்று சட்டம் சொன்னாலும், பெரிய வெள்ளியில் மீன்சட்டியே அடுப்பேறாத வீடுகள் உண்டு. கஞ்சி கிடைக்கும், குடியுங்கள். மருந்து எடுப்பவர்கள் முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது. நோயாளிக்கு ஒருசந்தி கட்டாயமில்லை.

வியாழன் பின்னேரம் பாதம் கழுவும் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடிக்கும் மணி, சனி இரவு வரை திரும்ப அடிக்காது. இடையில் மரத்தைத் தட்டித்தான் ஓசை எழுப்புவார்கள். வெள்ளியன்று பூசையும் கிடையாது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய வழிபாட்டில் யோவான் எழுதிய இயேசுவின் பாடுகள், நீண்ட மன்றாட்டுகள், பிறகு சிலுவை முத்தி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வரிசையில் போங்கள். கதிரை கிடைக்காவிட்டால் தரையில்தான், அதற்கேற்ற உடுப்பாகப் பாருங்கள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் எங்கள் பக்கம் கேட்கக்கூடிய ஒன்று உண்டு: இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. வயதானவர்கள் அதை வாசிப்பதில்லை, ஒப்பாரி இழுப்பது போல இழுத்துப் பாடுவார்கள். ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். தமிழ் பாதிதான் விளங்கும் பிள்ளைகள்கூட அசையாமல் இருப்பார்கள். உடனே போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள். பதிவு செய்ய ஆசையென்றால் முதலே கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

சனிக்கிழமை பகலில் கோயிலில் ஒன்றுமில்லை, வீட்டில்தான் வேலை. வெயில் ஏறுமுன் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைத் துப்புரவாக்கிப் பூவும் மெழுகுதிரியும் வையுங்கள். அப்புறம் இறைச்சி. அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுகிறார்களா என்று விசாரியுங்கள். ஈரல், எலும்பு, கொழுப்பு, சதை என்று ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழ வேண்டும். யார் கூறில் ஈரல் குறைந்தது என்ற வழக்கு அடுத்த வருடம் வரை ஓடும். காசைக் கொடுத்துவிட்டு அந்த வழக்கில் தலையிடாமல் இருங்கள்.

இரவுத் திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்கும், இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். பிள்ளைகளைப் பின்னேரம் நித்திரையாக்குங்கள். தீர்த்தத்துக்கு ஒரு சின்னப் போத்தல் எடுங்கள். இந்தத் திருவிழிப்புத்தான் ஞாயிறுப் பூசையும், காலையில் திரும்பப் போகக் கடமையில்லை. இதை அப்பம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம், பலன் இருக்காது.

பெரிய பையை மட்டும் வீட்டில் விடுங்கள். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் கோயில்களில் குண்டு வெடித்த பிறகு, இந்த நாட்களில் வாசலில் பொலிசோ ஆமியோ நின்று சோதிப்பது வழக்கமாகிவிட்டது.

இனி, பாவசங்கீர்த்தனம் (சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்வது), நன்மை (நற்கருணை) பற்றி எல்லாரும் பயப்படுகிற கேள்வி: "பாவசங்கீர்த்தனம் செய்தனியோ? நன்மை எடுக்கேல்லையோ?" கோயில் பக்கம் போய்க் கனகாலம் ஆனவர்கள் பொய் சொல்லத் தேவையில்லை. "இந்த முறை இல்லை, அப்பம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செய்ய விரும்பினால், வியாழனுக்கு முன்பே வந்துவிட்டவர்கள் அப்போதே போய்விடுங்கள், பிறகு வரிசை நீளம். தமிழ் தடுமாறினால் ஆங்கிலத்தில் சொல்லலாம். கத்தோலிக்கர் அல்லாத கணவனோ மனைவியோ நன்மை எடுக்கும் நேரம் இடத்திலேயே இருந்தால் போதும். சிலுவை முத்திக்கு அவர்களும் போகலாம். இதை வீட்டில் வைத்தே சொல்லி வையுங்கள். கோயிலுக்குள் மாமி கிசுகிசுத்துச் சொல்லும் நிலை வரக்கூடாது.

காலமான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நினைவுப் பூசை கொடுக்க நினைப்பவர்கள் வியாழன் முதல் ஞாயிறு வரை கேட்க வேண்டாம், சுவாமியாருக்கு மூச்சு விட நேரமிராது. திங்களோ செவ்வாயோ கேளுங்கள், போன் பண்ணி முதலே பெயர் கொடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் புதனுக்குப் பிறகு போடுங்கள்.