துப்பாக்கி சுடுவோரும் தோட்டா நிரப்புவோரும் ஈயத்தைக் கையாள்வதில் செய்யும் தவறுகள்

துப்பாக்கி சுடுதலில் ஈயம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கையில் கனக்கும் குண்டுதான். ஆனால் திண்மமான ஈயத்தைத் தொடுவதால் மட்டும் தோல் வழியாக உடலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவு. உண்மையான ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத தூசியாக மூக்கு வழியாகவும் விரல்களிலிருந்து வாய் வழியாகவும் உள்ளே போகும் ஈயத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததே மற்ற தவறுகள் பலவற்றுக்கும் காரணமாகிறது.

செம்பு உறையிட்ட குண்டுகளையே பயன்படுத்துவதால் தமக்கு ஈயத்தால் தொல்லை இல்லை என்று நம்புவது அவற்றுள் ஒன்று. தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூட்டியான பிரைமரில், வழக்கமாக ஈய ஸ்டிப்னேட் என்னும் சேர்மம் இருக்கிறது. அது வெடிக்கும்போது வெளிப்படும் ஈயம் மிக நுண்ணிய துகள்களாகச் சுடுபவரின் முகத்தைச் சுற்றியுள்ள காற்றில் கலக்கிறது. மேலும், முழு உலோக உறை என்று விற்கப்படும் குண்டுகள் பலவற்றில் அடிப்பகுதி திறந்தே இருப்பதால், வெடிமருந்தின் சூடான வாயு அங்குள்ள ஈயத்தையும் அரித்துக் கொண்டுவருகிறது. அடிப்பகுதியும் மூடப்பட்ட குண்டும் ஈயமற்ற பிரைமரும் சேர்ந்த தோட்டாக்களே இந்த இரண்டு வழிகளையும் அடைக்கின்றன.

உள்ளரங்கச் சுடுதளத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. காற்று எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். சுடுபவரின் முதுகுப் புறத்திலிருந்து இலக்கை நோக்கி, சுழலாமல் சீராக அது நகர வேண்டும். சுடும் கோட்டில் நிமிடத்துக்கு 75 அடி வேகம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரை. வெப்பத்துக்காகக் கூடுதலாக ஒரு மின்விசிறியை ஓட விடுவது அந்தச் சீரைக் குலைத்து, புகையை மீண்டும் முகத்துக்கே கொண்டுவந்துவிடும். சுட்டபின் புகை உங்கள் பக்கம் திரும்பி வந்தால், அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுவதுதான் சரி. திறந்தவெளியில் இந்த ஆபத்து குறைவு என்றாலும், கூரைக்கடியில் எதிர்க்காற்று வீசும் நாளில் அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து வருவன கைப்பழக்கங்கள். காற்றுத் துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகளை உதடுகளுக்கிடையே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; இதைச் சற்றும் தயங்காமல் கைவிட வேண்டும். சுட்டபின் சிதறிய தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைத் தொப்பியில் பொறுக்கிவிட்டு அதே தொப்பியைத் தலையில் வைப்பது, சுடும் இடத்திலேயே உண்பது, புகைப்பது ஆகியவையும் இதே வகையானவை. கைச்சுத்திகரிப்புத் திரவம் கிருமிகளைக் கொல்லுமே தவிர ஈயத்தை அகற்றாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு தேய்த்துக் கழுவுவதும், ஈயத்தை அகற்றுவதற்கென்றே விற்கப்படும் துடைப்புத் தாள்களைப் பயன்படுத்துவதும்தான் பயன் தரும். வெறும் வயிற்றில் இருப்பவரின் உடல் ஈயத்தை மேலும் அதிகமாக உறிஞ்சுகிறது என்பதால், பயிற்சிக்கு முன்பே உண்டுவிட்டு வருவது நல்லது.

சுட்ட கூடுகளில் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் இட்டு வீட்டில் தோட்டா நிரப்புவோர் பெரும்பாலும் அஞ்சுவது, குண்டு வார்க்க ஈயம் உருக்கும் பாத்திரத்தைத்தான். நான் அதைவிட அதிகமாக அஞ்சச் சொல்வது, கூடுகளைத் தூளோடு சேர்த்து உருட்டி மெருகேற்றும் டம்ப்ளர் என்னும் எந்திரத்தை. சுட்ட கூடுகளில் ஒட்டியிருக்கும் பிரைமர் எச்சத்தின் பெரும்பகுதி, அதில் போடப்படும் மக்காச்சோளத் தக்கைத் தூளிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ படிந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் செறிவு கூடிக்கொண்டே போகிறது. பிறகு மூடியைத் திறந்து, சல்லடையில் கொட்டிக் குலுக்கும்போது எழும் தூசி, எளிதில் நுரையீரலை அடையும் வடிவில் இருக்கும் ஈயமாகும். இதை மூடிய அறையில், அதிலும் குடும்பத்தார் நடமாடும் அறையில் செய்வது பெரும் தவறு. தண்ணீரும் எஃகு ஊசிகளும் கொண்டு கழுவும் ஈரமுறைக்கு மாறினால் தூசி எழாது. ஆனால் அந்தக் கழிவுநீரிலும் ஈயம் இருப்பதால், அதைச் சமையலறைத் தொட்டியிலோ தோட்டத்து மண்ணிலோ கொட்டாமல், அபாயக் கழிவாகச் சேர்த்துவைத்து உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேசையையும் தரையையும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சாதாரண வாக்குவம் கருவியும் நுண்தூசியை மறுபக்கமாக வெளியே தள்ளிவிடும் என்பதோடு, சிந்திய வெடிமருந்தையும் பிரைமரையும் உறிஞ்சித் தீப்பிடிக்கவும் கூடும். ஈரத் துணியால் துடைப்பதே எளிமையானதும் பாதுகாப்பானதுமான வழி. துணி முகக்கவசம் இந்தத் தூசியைத் தடுக்காது. நுண்துகள்களைத் தடுப்பதற்கென்றே உள்ள பி100 வகை வடிகட்டி கொண்ட முகக்கவசம் தடுக்கும் என்றாலும், அடர்ந்த தாடியின் மேல் அது சரியாகப் பொருந்தாது.

உருக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், ஈயம் சுமார் 327 பாகை செல்சியஸில் உருகிவிடுகிறது; தேவைக்கு மேல் சூடேற்றினால் புகை கூடும். ஆனால் மேலே மிதக்கும் கசடை வழித்தெடுத்து உலர்ந்த தூளாகத் திறந்து வைப்பதுதான் அதிகம் கவனிக்கப்படாத பிழை. உணவுக்குப் பயன்படும் பாத்திரமோ கரண்டியோ இந்த வேலைக்கு ஒருபோதும் வரக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, ஆடையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் ஈயம். பெரியவர் விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உடல் எடுத்துக்கொள்கிறது என்றால், சிறு குழந்தையின் உடல் பாதியளவு வரை எடுத்துக்கொள்ளும். அது வளரும் மூளையைப் பாதிக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் ஆபத்தற்ற ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. காலணியை வாசலிலேயே விட்டு, ஆடையை உதறாமல் தனியாகத் துவைத்து, குளித்தபின் குழந்தையைத் தூக்குவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கூடுகளைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் கொடுப்பதை அன்பின் பெயரால்கூட ஏற்க முடியாது. கர்ப்பிணியின் இரத்தத்தில் உள்ள ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடல் நன்றாக இருக்கிறது, எனவே பரிசோதனை வேண்டாம் என்று இருந்துவிடுவதும் தவறு. களைப்பு, தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல், உயர் இரத்த அழுத்தம் போன்றவை வேறு பல காரணங்களாலும் வரக்கூடியவை என்பதால் யாரும் ஈயத்தைச் சந்தேகிப்பதில்லை. தொடர்ந்து சுடுபவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தில் ஈய அளவைப் பார்ப்பது நல்லது. விரல்நுனியில் எடுத்த மாதிரி, தோலில் ஒட்டிய ஈயத்தால் பொய்யான உயர்வைக் காட்டக்கூடும் என்பதால், சிரையிலிருந்து (இரத்தக் குழாயிலிருந்து) ஊசியால் எடுத்த இரத்தமே நம்பத்தக்கது. அளவு உயர்ந்திருந்தால் ஈயத்தை வெளியேற்றும் மருந்துகளைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. அவை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே தரப்பட வேண்டியவை. முதலில் செய்ய வேண்டியது சுடுவதையும் நிரப்புவதையும் நிறுத்தி, ஈயம் எந்த வழியாக வந்தது என்று தேடுவதே. இரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும் என்றாலும், எலும்பில் பல ஆண்டுகளாகப் படிந்திருப்பது மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே சில மாதங்கள் கழித்து மறுபடியும் சோதித்து, எண் இறங்கியிருப்பதைப் பார்த்த பின்னரே பயிற்சியைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.