ரோமில் திருத்தூதர்களின் கல்லறைகளைப் பார்ப்பது எப்படி

விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புனித பேதுரு பேராலயத்துக்கு அடியில் இருக்கும் பழைய இடுகாட்டைப் பார்க்க இடம் கேட்டு வத்திக்கானின் ஸ்காவி (அகழாய்வு) அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். மேலே பேராலயத்துக்குள் போகக் காசு கிடையாது, வரிசையில் நின்றால் போதும். ஆனால் பேதுருவின் கல்லறை இருக்கும் கீழ்த்தளத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 பேரைத்தான், அதுவும் சின்னச் சின்னக் குழுவாக, வழிகாட்டியோடு விடுகிறார்கள். 15 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, படம் எடுக்கவும் முடியாது. வருபவர்கள் எல்லாருடைய பெயர், எந்த மொழி வழிகாட்டி வேண்டும், ரோமில் எத்தனாம் தேதியிலிருந்து எத்தனாம் தேதி வரை இருப்பீர்கள், இவ்வளவும் எழுத வேண்டும். நாளையும் நேரத்தையும் அவர்கள்தான் சொல்வார்கள், அதனால் ஒரே ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

கீழே காற்று புழுக்கமாக இருக்கும், பாதை குறுகல். இரண்டு பக்கமும் செங்கல் கட்டடங்கள், வீட்டு வாசல் மாதிரி வாசல்கள். எல்லாம் பணக்கார ரோமானியக் குடும்பங்களின் கல்லறைகள், பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லாதவர்களுடையவை. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் இந்தத் தெருவையே மண் போட்டு மூடி அதன்மேல் கோயில் கட்டினார். அவ்வளவு நல்ல இடுகாட்டை ஒரு பேரரசர் அழித்தார் என்றால் அந்த இடம்தான் வேண்டும் என்று ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும், எனக்கு இதுவே பெரிய சாட்சியாகப் படுகிறது. யூலியர் கல்லறையின் கூரையில் இயேசுவைச் சூரியத் தேவன் போலத் தேரில் காட்டும் மொசைக் இருக்கிறது, வழிகாட்டி வேகமாகக் கடந்தால் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியில் பேதுரு. பிரம்மாண்டமாக எதுவும் இல்லை: சிவப்புப் பூச்சு பூசிய சுவர், கி.பி. 160 வாக்கில் அதை ஒட்டி எழுப்பிய சிறிய நினைவிடத்தின் மிச்சம், பக்கத்தில் யாத்ரீகர்கள் கிறுக்கிவைத்த இன்னொரு சுவர், ஒரு இடைவெளி வழியாகத் தெரியும், எலும்புகள் வைத்த ஒளி ஊடுருவும் பெட்டி. கல்லறை கிடைத்தது என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950இல் அறிவித்தார், எலும்புகளைப் பற்றி மட்டும் உறுதி சொல்லவில்லை. அவை பேதுருவுடையவைதான் என்று நம்பத் தகுந்த விதத்தில் அடையாளம் கண்டாயிற்று என 1968இல் சொன்னவர் திருத்தந்தை 6ஆம் பவுல். இடத்துக்கு ஆதாரம் பலம், எலும்புக்கு அவ்வளவு பலம் இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது திருத்தூதர் பவுல், அவர் பெயரில் உள்ள பேராலயத்தில். மெட்ரோ பி தடத்தில் பசிலிக்கா சான் பாவோலோ நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், முன்பதிவு தேவையில்லை, கூட்டமும் குறைவு. ஒரே ஒரு கல்லறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கேயே வாருங்கள். பீடத்துக்கு முன்னால் படி இறங்கினால் கம்பி வலைக்குப் பின்னால் கல் பெட்டியின் பக்கவாட்டு தெரியும். அதற்கு மேல் இருக்கும் பளிங்குப் பலகையில் ‘பவுல், திருத்தூதர், மறைசாட்சி’ என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது, ஒரு வட்டத் துளையும் இரண்டு சதுரத் துளைகளும் உண்டு. அந்தக் காலத்தில் அதன் வழியாகத் துணியை இறக்கிக் கல்லறையைத் தொடவைத்து எடுத்துப் போவார்களாம். பெட்டியைத் திறக்காமலே சிறு துளை போட்டுப் பார்த்ததில் தங்க இழை சேர்ந்த ஊதா லினன், நீலத் துணி, தூபக் குறுணை, எலும்புத் துணுக்குகள் கிடைத்தன. எலும்பு ஒன்றாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டு ஆளுடையது என்று 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அறிவித்தார்.

மற்றவற்றை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். பியாஸ்ஸா வெனேசியா பக்கத்துத் திருத்தூதர்கள் கோயிலின் நிலவறையில் பிலிப்பும் சின்ன யாக்கோபும் இருப்பதாக மரபு. யாக்கோபுடையது என்ற தொடை எலும்பை ஆராய்ந்தவர்கள் அது கி.பி. 214க்கும் 340க்கும் இடைப்பட்டது என்று 2021இல் எழுதிவிட்டார்கள், ஆக அவராக இருக்க முடியாது. போகக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள். திபேர் ஆற்றுத் தீவில் பர்த்தலமேயு. பெனவென்டோ ஊரும் அவர் எங்களிடம்தான் என்கிறது. சீமோனும் யூதாவும் பேதுரு பேராலயத்திலேயே யோசேப்பு பீடத்தின் கீழ் இருக்கிறார்கள், பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

சாந்தோம்காரர்கள் தோமையாரைத் தேடுவீர்கள், தெரியும். அவருடைய விரல் என்று வணங்கப்படுவது ரோமிலேயே சாந்தா குரோச்சே கோயிலில் இருக்கிறது. எலும்புகள் 1258இல் கிரேக்கத்தின் கீயோஸ் தீவிலிருந்து இத்தாலியின் கிழக்குக் கரை ஊரான ஒர்த்தோனாவுக்குக் கப்பலேறின. பெஸ்காரா போய் அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும், தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை எங்கேயும் கட்டாயம். ஜூன் 29, பேதுரு பவுல் பெருவிழா, ரோம் நகருக்கே விடுமுறை. அன்று திருப்பலிக்குப் போகலாம், ஸ்காவிக்கு வேறு நாள் கேளுங்கள்.